எஸ்3 பக்கெட்டில் தானியங்கி அடுக்குச் சேமிப்பு: கணக்குப் போட்டு அமைக்கும் முழு வழிகாட்டி

அமேசானின் இணையவழிக் கோப்புச் சேமிப்பகமான எஸ்3-இல் ஒரு பக்கெட்டை (கோப்புகளைப் போட்டுவைக்கும் தொட்டி) திறந்து கோப்புகளைக் கொட்டத் தொடங்கினால், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை எல்லாம் ஸ்டாண்டர்ட் கிளாஸ் என்ற வழக்கமான சேமிப்பு அடுக்கில்தான் போய் உட்காரும். வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் அதற்கு ஜிபிக்கு மாதம் 0.023 டாலர். அதே வட்டாரத்தில், அரிதாகத் தொடும் தரவுக்கான டீப் ஆர்க்கைவ் அடுக்கு 0.00099 டாலர். ஏறக்குறைய 23 மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்ததும் "30 நாளானால் அங்கே, 90 நாளானால் இன்னும் கீழே" என்று லைஃப்சைக்கிள் விதி (கோப்பைத் தானாக அடுக்கு மாற்றும் அல்லது அழிக்கும் கட்டளை) எழுதக் கை துறுதுறுக்கும். எழுதுவது பத்து நிமிட வேலைதான். மாதக் கடைசியில் பில் இறங்குவதற்குப் பதிலாக ஏறுவதும் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

லைஃப்சைக்கிள் விதி பார்ப்பது ஆப்ஜெக்ட்டின், அதாவது பக்கெட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பின், வயதை மட்டுமே. உருவான நாளிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணும். நேற்று யாராவது அதைத் திறந்தார்களா என்பது அதற்குத் தெரியாது. செலவைத் தீர்மானிப்பதோ மூன்று எண்கள்: ஆப்ஜெக்ட்டின் சராசரி அளவு, மொத்த எண்ணிக்கை, எத்தனை முறை படிக்கப்படுகிறது. இந்த மூன்றையும் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

முதல் வேலை: அளவெடுப்பு

பக்கெட்டின் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இன்வென்டரி என்று, கோப்புகளின் பட்டியலைத் தரும் அறிக்கை ஒன்று இருக்கிறது. அதை இயக்கி, அளவு, கடைசியாக மாறிய தேதி, ஸ்டோரேஜ் கிளாஸ், வெர்ஷன் விவரம் ஆகிய புலங்களைத் தேர்ந்தெடுங்கள். முதல் அறிக்கை வர 48 மணி நேரம் வரை ஆகலாம். வந்ததும் அமேசானின் தரவு வினவல் கருவியான அதீனாவில் ஒரு கேள்வி போட்டு, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஆப்ஜெக்ட் எண்ணிக்கையையும் சராசரி அளவையும் எடுங்கள். சராசரி மட்டும் போதாது. 128 கேபிக்குக் கீழே எத்தனை, 1 எம்பிக்கு மேலே எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். பத்து பெரிய வீடியோக்கள் லட்சம் தம்ப்நெயில்களைச் சராசரியில் மறைத்துவிடும்.

கோப்புகள் எவ்வளவு படிக்கப்படுகின்றன என்று அறிய மெட்ரிக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்டோரேஜ் கிளாஸ் அனாலிசிஸை ஃபோல்டர் வாரியாக இயக்கி, குறைந்தது 30 நாள் ஓடவிடுங்கள். எந்த வயதுக் கோப்புகள் எவ்வளவு படிக்கப்படுகின்றன என்று காட்டும். ஆனால் அது ஸ்டாண்டர்டிலிருந்து ஸ்டாண்டர்ட் ஐஏ-வுக்கு (இன்ஃப்ரீக்வென்ட் அக்சஸ், அடிக்கடி தொடாதவற்றுக்கான அடுக்கு) மாற்றுவதைப் பற்றி மட்டுமே பரிந்துரை சொல்லும். அதற்கும் கீழே உள்ள கிலேசியர் அடுக்குகள் பக்கம் வாயே திறக்காது.

அடுக்குகளும் அவற்றின் கொக்கிகளும்

கீழே உள்ள விலைகள் வடக்கு வர்ஜீனியாவுடையவை. மும்பை, சிங்கப்பூர் விலைகள் இவற்றிலிருந்து விலகும். உங்கள் வட்டாரப் பட்டியலைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு முறை ஒன்றுதான்.

ஸ்டாண்டர்ட் ஐஏ: ஜிபிக்கு மாதம் 0.0125 டாலர். படிக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் 0.01 டாலர். குறைந்தபட்சம் 30 நாள் வாடகை. 128 கேபிக்குச் சிறியதையும் 128 கேபி என்றே கணக்கிடும்.

ஒன் ஜோன் ஐஏ: 0.01 டாலர். ஒரே அவைலபிலிட்டி ஜோனில்தான் (தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதி) இருக்கும். அந்த ஜோன் அழிந்தால் தரவும் போனதுதான். மூலப் படத்திலிருந்து மறுபடி உருவாக்கிவிடக்கூடிய சிறு பிரதிகளுக்கு மட்டும் சரி.

கிலேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவல்: 0.004 டாலர். உடனே படிக்கலாம், ஆனால் ஜிபிக்கு 0.03 டாலர். குறைந்தபட்சம் 90 நாள். இங்கும் 128 கேபி கணக்கு உண்டு.

கிலேசியர் ஃபிளெக்சிபிள் ரிட்ரீவல்: 0.0036 டாலர், 90 நாள். படிக்கும் முன் மீட்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்: அவசர முறையில் (மிகப் பெரிய கோப்புகள் தவிர) 1 முதல் 5 நிமிடம், சாதாரண முறையில் 3 முதல் 5 மணி நேரம், மொத்த (பல்க்) முறையில் 5 முதல் 12 மணி நேரம். மொத்த முறைக்கு ஜிபி கட்டணம் இல்லை.

டீப் ஆர்க்கைவ் (இதுவும் கிலேசியர் வகையே): 0.00099 டாலர், 180 நாள். சாதாரண மீட்பு 12 மணி நேரத்துக்குள், மொத்த மீட்பு 48 மணி நேரத்துக்குள்.

கடைசி இரண்டிலும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் 40 கேபி கூடுதலாக ஏறும். அதில் 8 கேபி ஸ்டாண்டர்ட் விலையில், 32 கேபி அந்தந்த கிலேசியர் விலையில்.

இவை தவிர, இடம் மாற்றுவதற்கே தனிக் கட்டணம் உண்டு; பலரும் தவறவிடுவது இதைத்தான். ஆயிரம் ஆப்ஜெக்ட்டை ஸ்டாண்டர்ட் ஐஏ-வுக்கு மாற்ற 0.01 டாலர், இன்ஸ்டன்ட்டுக்கு 0.02, ஃபிளெக்சிபிளுக்கு 0.03, டீப் ஆர்க்கைவுக்கு 0.05. ஜிபி எவ்வளவு என்பது இங்கே பொருட்டே இல்லை, தலைக்கு இவ்வளவு.

கணக்கு: சிறு கோப்புகள் எப்படிக் கவிழ்க்கும்

ஒரு கோடி ஆப்ஜெக்ட், ஒவ்வொன்றும் 10 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் பதிவுகள், ஜேசான் துண்டுகள், ரசீதுகள் எல்லாம் இந்த அளவில்தான் இருக்கும். மொத்தம் சுமார் 100 ஜிபி. ஸ்டாண்டர்டில் மாதச் செலவு 2.30 டாலர். இதை டீப் ஆர்க்கைவுக்கு அனுப்பினால்:

இடமாற்றக் கட்டணம்: 10,000 ஆயிரங்கள் × 0.05 = 500 டாலர், ஒரே தடவை.
தரவு: 100 ஜிபி × 0.00099 = 0.10 டாலர்.
32 கேபி கூடுதல்: 320 ஜிபி × 0.00099 = 0.32 டாலர்.
8 கேபி கூடுதல்: 80 ஜிபி × 0.023 = 1.84 டாலர்.

புதிய மாதச் செலவு 2.26 டாலர். 500 டாலர் கட்டி மாதம் 4 சென்ட் மிச்சம் பிடித்திருக்கிறோம். போட்டதை எடுக்க ஆயிரம் வருடத்துக்குக் குறையாமல் ஆகும்.

இந்த விபத்தைத் தடுக்கவே 2024 செப்டம்பரிலிருந்து புதிதாக எழுதும் லைஃப்சைக்கிள் விதிகள் 128 கேபிக்குக் குறைந்தவற்றை, நாம் வேறு சொல்லாதவரை, எந்த அடுக்குக்கும் நகர்த்தாது. அதற்கு முன்பே எழுதிவைத்த விதிகள், திருத்தப்படாமல் இருந்தால், பழைய குணத்தோடுதான் ஓடிக்கொண்டிருக்கும்: கிலேசியர் ஃபிளெக்சிபிளுக்கும் டீப் ஆர்க்கைவுக்கும் பொடிக் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போகும். பழைய பக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

128 கேபியைத் தாண்டிவிட்டால் எல்லாம் லாபம் என்றும் இல்லை. சரியாக 128 கேபி அளவுள்ளவை ஒரு ஜிபியில் 8,192 இருக்கும். ஸ்டாண்டர்ட் ஐஏ-வுக்கு மாற்ற 0.082 டாலர், மாத மிச்சம் 0.0105 டாலர். மாற்றிய செலவு திரும்பவே கிட்டத்தட்ட எட்டு மாதம். அதுவே 1 எம்பி அளவென்றால் ஒரு மாதத்தில் திரும்பிவிடும். ஆகவே விதியில் அளவு வரம்பை 1 எம்பி என்று வைத்துவிடுவது எங்கள் பரிந்துரை. அதற்குக் கீழே உள்ளவற்றை ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடலாம், அல்லது எழுதும்போதே ஒன்று சேர்த்துப் பெரிய கோப்பாக்கலாம்.

படிப்புக் கணக்கும் இதேபோல்தான். ஸ்டாண்டர்ட் ஐஏ-வில் ஜிபிக்கு மாதம் 0.0105 டாலர் மிச்சம், படித்தால் 0.01 டாலர் செலவு. அந்த ஃபோல்டர் முழுவதையும் மாதம் ஒருமுறை யாராவது படித்தாலே லாபம் தீர்ந்துவிடும். "யாராவது" என்பதில் மனிதர்களைவிட ஸ்கிரிப்ட்டுகள்தான் அதிகம்: வாராந்திர வைரஸ் ஸ்கேன், தேடல் இன்டெக்ஸை மறுபடி கட்டும் வேலை, செக்சம் சரிபார்ப்பு. ஸ்டோரேஜ் கிளாஸ் அனாலிசிஸை 30 நாள் ஓடவிடச் சொன்னதற்குக் காரணம் இந்த மாதாந்திர வேலைகளும் வலையில் சிக்க வேண்டும் என்பதே.

குறைந்தபட்ச நாள் என்பது தடை இல்லை

90 நாளுக்கு முன் அழித்தால் மீதி நாளுக்கும் காசு போகும் என்று கேள்விப்பட்டு, குறுகிய காலத் தரவைக் கிலேசியர் பக்கமே விடாதவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 நாள் மட்டும் வைத்திருக்கும் தினசரி பேக்கப்பை ஏழாம் நாள் ஃபிளெக்சிபிளுக்கு மாற்றினால், 28 நாள்தான் இருக்கும். ஆனால் 90 நாள் வாடகை, அதாவது ஜிபிக்கு ஏறக்குறைய 0.0108 டாலர். அந்த 28 நாளும் ஸ்டாண்டர்டிலேயே கிடந்திருந்தால் சுமார் 0.0215 டாலர். அபராதத்தோடு சேர்த்தும் பாதிதான். பேக்கப் கோப்புகள் பெரியவை என்பதால் இடமாற்றக் கட்டணமும் ஒரு பொருட்டில்லை. இங்கே முடிவெடுக்க வைப்பது காசைவிட நேரம்: டேட்டாபேஸ் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் எழுப்ப வேண்டும் என்றால் ஐந்து மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் அடுக்கு உதவாது.

எது வரும், எது போகும் என்றே தெரியாவிட்டால்

அதற்குத்தான் இன்டெலிஜென்ட் டியரிங். 30 நாள் தொடாமல் கிடந்தால் ஐஏ விலைக்கும், 90 நாள் தொடாவிட்டால் இன்ஸ்டன்ட் விலைக்கும் தானே இறங்கும். தொட்டால் மேலே ஏறும். மீட்புக் கட்டணம் கிடையாது. உண்மையில் படிப்பைப் பார்த்து முடிவெடுப்பது எஸ்3-இல் இது ஒன்றுதான். பதிலுக்கு, கண்காணிக்க ஆயிரம் ஆப்ஜெக்ட்டுக்கு மாதம் 0.0025 டாலர். 128 கேபிக்குக் குறைந்தவற்றைக் கண்காணிக்காது, கட்டணமும் இல்லை, எப்போதும் மேல் அடுக்கு விலைதான்.

அந்தக் கட்டணத்தை ஜிபி கணக்கில் பார்த்தால்தான் சங்கதி புரியும். 128 கேபி அளவில் ஜிபிக்கு மாதம் 0.0205 டாலர் கண்காணிப்புக்கே போகும். மிகக் கீழே இன்ஸ்டன்ட் விலைக்கு இறங்கினாலும் மிச்சம் 0.019 டாலர்தான். நஷ்டம். ஐஏ நிலையில் லாபம் காண சராசரி 250 கேபியாவது வேண்டும். பயனர்கள் ஏற்றும் புகைப்படம், வீடியோ, பிடிஎஃப் போன்றவை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும் என்பதால் அவற்றுக்கு இதுவே முதல் தேர்வு. இதில் ஆர்க்கைவ் அக்சஸ், டீப் ஆர்க்கைவ் அக்சஸ் என்று விருப்பத்துக்குரிய இரண்டு நிலைகள் உண்டு. இணையதளத்தில் நேரடியாகக் காட்டும் கோப்புகளுக்கு அவற்றை இயக்காதீர்கள். பயனர் படத்தைத் திறந்தால் பிழைதான் வரும்.

ஃபோல்டர்களைப் பிரித்தல்

விதிகள் ப்ரிஃபிக்ஸ் (கோப்புப் பெயரின் முன்பகுதி, அதாவது ஃபோல்டர் பாதை), டேக் (கோப்பில் ஒட்டும் குறிச்சொல்), அளவு ஆகிய மூன்றை வைத்து வடிகட்டும். டேகுக்குத் தனி மாதக் கட்டணம் உண்டு, ஏற்றும் ஒவ்வொரு நிரலும் மறக்காமல் டேக் ஒட்டவும் வேண்டும். ப்ரிஃபிக்ஸால் முடியுமானால் அதோடு நிறுத்துங்கள். ஒரு நடுத்தர நிறுவனத்தின் பக்கெட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்: லாக்ஸ்/, பேக்கப்/தினசரி/, பேக்கப்/மாதம்/, மீடியா/.

கடைசியில் உள்ள சாய்கோடு முக்கியம். வெறும் "லாக்ஸ்" என்று கொடுத்தால் "லாக்ஸ்-பழையது/" ஃபோல்டரும் உள்ளே வந்துவிடும். முன்னால் சாய்கோடு போட்டால் ஒன்றுமே சிக்காது; விதி பிழை காட்டாமல் சும்மா கிடக்கும்.

விதிகளை எழுதுதல்

பக்கெட்டைத் திறந்து மேனேஜ்மென்ட், அதில் கிரியேட் லைஃப்சைக்கிள் ரூல். பெயர் கொடுங்கள். எல்லைப் பகுதியில் வடிகட்டியோடு என்பதைத் தேர்ந்தெடுத்து ப்ரிஃபிக்ஸையும் குறைந்தபட்ச அளவையும் இடுங்கள். மொத்த பக்கெட்டுக்கும் என்ற தேர்வு ஒப்புதல் பெட்டி ஒன்றைக் காட்டும். அதை டிக் செய்ய வேண்டியது ஒரே ஒரு விதிக்குத்தான், கடைசியில் வருகிறது.

லாக்ஸ்/: 30 நாளில் கிலேசியர் இன்ஸ்டன்ட், 200 நாளில் அழிப்பு. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு இந்திய நிறுவனங்களை 180 நாள் லாக்குகளை (கணினிச் செயல்பாட்டுப் பதிவுகள்) வைத்திருக்கச் சொல்கிறது. கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதால் மணிக்கணக்கில் காக்கவைக்கும் அடுக்குகள் இங்கே வேண்டாம். லாக்குகளை மணிக்கு ஒரு கோப்பாகச் சேர்த்துச் சுருக்கி ஏற்றினால்தான் இந்த விதிக்கே பொருள் உண்டு.

பேக்கப்/தினசரி/: 7 நாளில் ஃபிளெக்சிபிள், 35 நாளில் அழிப்பு. மீட்பு அவசரம் என்றால் இடமாற்றமே வேண்டாம், அழிப்பு மட்டும்.

பேக்கப்/மாதம்/: 7 நாளில் நேராக டீப் ஆர்க்கைவ். இடையில் ஐஏ, இன்ஸ்டன்ட் என்று படிப்படியாக இறக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஒவ்வொரு படிக்கும் இடமாற்றக் கட்டணம் கட்டுவீர்கள். மேலும் ஐஏ-வுக்கு 30 நாளுக்கு முன் மாற்ற விதி அனுமதிக்காது. கிலேசியர் வகைகளுக்கு அந்தத் தடை இல்லை.

மீடியா/: 0 நாளில் இன்டெலிஜென்ட் டியரிங், குறைந்தபட்ச அளவு 256 கேபி. புதிய கோப்புகளை ஏற்றும்போதே அந்தக் கிளாஸைக் குறிப்பிட்டால் இடமாற்றக் கட்டணமும் மிச்சம்.

கடைசி விதி மொத்த பக்கெட்டுக்கும்: முடிவடையாத மல்டிபார்ட் அப்லோடுகளை (பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுவது) 7 நாளில் நீக்குவது. பாதியில் அறுந்த பெரிய அப்லோடுகளின் துண்டுகள் கோப்புப் பட்டியலில் தெரியாது, ஆனால் பில்லில் இருக்கும். டேக் அல்லது அளவு வடிகட்டியோடு இந்தச் செயல் சேராது. அதனால்தான் தனி விதி.

வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இயக்கிய பக்கெட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. 35 நாளில் அழி என்றால் எஸ்3 அழிக்காது. மேலே ஒரு டெலிட் மார்க்கரை (அழிந்ததாகக் காட்டும் குறி) வைத்துவிட்டுப் பழைய வெர்ஷனை அப்படியே வைத்திருக்கும். இடம் ஒரு பைட்கூடக் குறையாது. ஆகவே ஒவ்வொரு அழிப்பு விதியிலும் நான்கரென்ட் (பழைய) வெர்ஷன்களை 14 நாளில் நிரந்தரமாக அழி என்பதையும் சேருங்கள். தனியே மிஞ்சும் டெலிட் மார்க்கர்களை நீக்கும் பெட்டியைக் கடைசி விதியில் டிக் செய்யுங்கள்.

கட்டளை வரியிலோ, அமைப்புகளை நிரலாக எழுதும் கருவியான டெராஃபார்மிலோ எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லைஃப்சைக்கிள் அமைப்பை அனுப்பும் அழைப்பு ஏற்கெனவே உள்ள எல்லா விதிகளையும் அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். ஒரு விதியைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் அனுப்பினால் மற்ற நான்கும் போய்விடும். முதலில் இருப்பதை இறக்கி, அதில் சேர்த்து, முழுவதையும் அனுப்புங்கள். டெராஃபார்மில் ஒரே பக்கெட்டுக்கு இரண்டு லைஃப்சைக்கிள் ரிசோர்ஸ் எழுதினால் இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று: அழிக்கக் கூடாது என்று பக்கெட் பாலிசியில் (பக்கெட்டின் அனுமதி விதிகள்) எழுதிவைத்திருந்தாலும் லைஃப்சைக்கிள் அதை மதிக்காது. உண்மையான பூட்டு வேண்டுமென்றால் ஆப்ஜெக்ட் லாக்.

ஓடுகிறதா என்று பார்த்தல்

நாள் கணக்கு அடுத்த யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும். ஜனவரி 15 காலை 10.30 யுடிசிக்கு ஏற்றிய கோப்புக்கு 3 நாள் விதி என்றால், அது தகுதி பெறுவது ஜனவரி 19 நள்ளிரவு, நம் கடிகாரத்தில் விடிகாலை 5.30. அதன் பிறகும் வரிசையில் நின்றுதான் நகரும். கோடிக்கணக்கில் ஆப்ஜெக்ட் இருந்தால் சில நாள் ஆகலாம். மறுநாள் காலையே "வேலை செய்யவில்லை" என்று விதியை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

முதலில் ஒரு சோதனை பக்கெட்டில் 1 எம்பிக்கு மேற்பட்ட பத்துக் கோப்புகளைப் போட்டு, 1 நாள் விதியோடு இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஹெட் ஆப்ஜெக்ட் கட்டளை கிளாஸைக் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் அது ஸ்டாண்டர்ட் என்று பொருள், பிழை அல்ல. லைஃப்சைக்கிள் செய்த இடமாற்றங்கள் கிளவுட்டிரெயிலில் (அமேசானின் நடவடிக்கைப் பதிவேடு) வராது. சர்வர் அக்சஸ் லாக்கில் பார்க்கலாம். அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்சில் பக்கெட்டின் அளவை கிளாஸ் வாரியாக ஒரு வரைபடமாக்கி வையுங்கள்; ஒரு கோடு இறங்க இன்னொன்று ஏறினால் சரி.

முதல் மாத பில்லில் இடமாற்றக் கட்டணம் ஒரு மேடுபோல நிற்கும். அதை முன்பே கணக்கிட்டு நிதிப் பிரிவுக்குச் சொல்லிவிடுவது உத்தமம்.

விதி தவறு என்று தெரிந்து நிறுத்தினால், இனி நகர்வது நிற்கும், போனது திரும்பாது. லைஃப்சைக்கிளுக்கு மேலே ஏற்றத் தெரியாது. ஐஏ-வில் உள்ளதை அதன் மேலேயே மறுபடி நகலெடுத்து ஸ்டாண்டர்டாக்க வேண்டும். ஃபிளெக்சிபிள், டீப் ஆர்க்கைவ் என்றால் முதலில் மீட்டு, பிறகு நகல். நிறைய இருந்தால், எல்லாவற்றையும் ஒரே வேலையாகச் செய்யும் பேட்ச் ஆபரேஷன்ஸ்.

மீட்புப் பயிற்சி

டீப் ஆர்க்கைவிலிருந்து 1 டிபியை மொத்த முறையில் மீட்க 2.56 டாலர், சாதாரண முறையில் 20.48 டாலர். மலிவாகத் தெரியும். அதை அமேசானுக்கு வெளியே உள்ள சர்வருக்கு இறக்கினால், மாத இலவச 100 ஜிபி போக மீதிக்கு ஜிபி 0.09 டாலர் வீதம் சுமார் 83 டாலர். பேரிடர் திட்டத்தில் எழுத வேண்டிய எண் இதுதான்.

மீட்கும்போது எத்தனை நாளுக்கு என்று கேட்கும். அத்தனை நாள் தற்காலிக நகல் ஒன்று ஸ்டாண்டர்ட் விலையில் கிடக்கும், மூலத்துக்கான வாடகையும் ஓடும். 2 நாள் என்று கொடுத்து, மொத்த மீட்பு வெள்ளிக்கிழமை இரவு முடிந்தால், திங்களன்று வந்து பார்க்கும்போது நகல் மறைந்திருக்கும். மறுபடி 48 மணி நேரம். 7 நாள் கொடுங்கள், மீட்பு முடிந்ததும் அமேசானின் அறிவிப்புச் சேவையான எஸ்என்எஸ் வழியாகச் செய்தி வருமாறு ஈவென்ட் நோட்டிஃபிகேஷனை இணையுங்கள்.

கேஎம்எஸ் (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் குறியாக்கிய பேக்கப் என்றால், அந்தச் சாவி தரவு இருக்கும் வரை இருக்க வேண்டும். "யாரும் பயன்படுத்தாத சாவி" என்று யாரோ அழிக்கச் சொன்னால் 7 முதல் 30 நாள் காத்திருப்புக்குப் பின் அது போய்விடும். டீப் ஆர்க்கைவில் வருடக்கணக்கில் தொடாமல் கிடக்கும் தரவின் சாவிதான் அந்தப் பட்டியலில் முதலில் வரும். சாவிக்கு எந்த பக்கெட், எந்த வருடம் வரை என்று டேக் ஒட்டி, அழிக்கும் அனுமதியை ஒன்றிரண்டு பேரோடு நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்/மாதம்/ ஃபோல்டரிலிருந்து ஒரு பழைய கோப்பை மீட்டு, டேட்டாபேஸில் ஏற்றி, கடைசி அட்டவணை வரை திறக்கிறதா என்று பாருங்கள்.